ஆமூர்க் களமும் மல்லர் பயிற்சியும்

மற்போரைப் புயவலியின் போட்டியென்றே பலர் கருதுவர். சாத்தந்தையார் பாடிய புறநானூற்று 80 ஆம் பாடலோ கால்களையே காட்டுகின்றது. போர்வைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்துங்கால், ஒரு முழந்தாள் பகைவன் மார்பினை அழுத்த, மற்றைக்கால் அவன் உபாயத்தை விலக்கி முதுகினை வளைக்கின்றது. இதற்கு இடுப்புறுதியும் சமநிலையும் மூச்சடக்கமும் வேண்டும்; நெடும்பயிற்சியின்றி இவை கூடா. நம் குடாநாட்டிற் சிலம்படி பயின்றோர் இதனை எளிதில் உணர்வர். ஆயின் கிள்ளி எங்ஙனம் பயின்றான், யாது உண்டான் எனப் புலவர் கூறிலர். மகனோடு பகைத்த தந்தை தித்தன் இப்போரைக் காணவேண்டுமென்பதே அவர் கவலை! மல்லர் பயிற்சியை விரித்துரைப்பது, கி.பி. 1129 அளவிற் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரால் எழுந்த மானசோல்லாசம். மல்லரை வயது, உடலளவு, வலிமை என்பவற்றால் வகுத்து, உடற்பயிற்சியையும் உணவையும் அது விதிக்கின்றது. எனினும், ஏறத்தாழ ஆயிரமாண்டு பிற்பட்ட அவ்வடமொழி நூலைக்கொண்டு கிள்ளியின் பயிற்சியை வரைதல் வரலாறாகாது.