பேழைக்கு அளவு தந்தவர் யார்?

சுவடியும் கல்வெட்டும் பேசும் இடத்தில் இரும்புப் பெட்டியைப் பற்றி ஒரு கட்டுரையா என்று புருவம் உயர்த்த வேண்டா. சற்றுப் பொறுத்து வாசித்தால், இதுவும் நம் பழைய கவலையின் புதிய வடிவமே என்பது விளங்கும்.

சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில் ஒரு பிற்பகல், நம் மேசைக்கடியில் ஒன்பது ஆண்டுகள் உழைத்த கணினி 'டிக், டிக்' என்று சில முறை முனகிவிட்டு அடங்கிற்று. அதனுள் இரண்டு வன்தட்டுகள் இருந்தன. ஒன்றில் உள்ளவற்றின் படி மற்றொன்றில் இருந்தமையால் அச்சமின்றியே இருந்தோம். பழுது பார்ப்பவர் பெட்டியைத் திறந்தபோதுதான் உண்மை தெரிந்தது. முகப்பின் காற்றுத் துளைகள் பஞ்சுபோல் தூசியடைந்து கிடந்தன. இரு தட்டுகளும் இடைவெளியின்றி ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகப்பட்டிருந்தன. இரண்டாவது தட்டு பல மாதங்களுக்கு முன்பே செயலிழந்துவிட்டது, நாம்தான் கவனிக்கவில்லை. கல்வெட்டுப் படங்களை மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால், நம் ஆசிரியர் ஓய்வுபெற்றபின் மாலைப் பொழுதுகளில் சிலப்பதிகாரம் சொல்ல, நாம் பதிவு செய்த ஒலிக்கோப்புகளும் அதில் இருந்தன. அவர் இன்று நம்மிடையே இல்லை.

நம் கல்லூரியின் கணினித் துறை மாணவர் ஒருவர் உதவ முன்வந்தார். பல தட்டுகளை ஒரே பெட்டியில் அமைத்து, வீட்டு வலையமைப்பில் இணைத்து, எந்தக் கணினியிலிருந்தும் எடுக்கவும் வைக்கவும் வகை செய்யும் சேமிப்பு வழங்கி ஒன்றை நாமே கட்டிக்கொள்ளலாம் என்றார். எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டோம். "ஐயா, போர்டு, மெமரி எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல எந்த கேபினட்னு சொல்லுங்க. மத்ததெல்லாம் அதுக்குள்ளதான அடங்கணும்?" என்றார். நமக்கு இது வியப்பாயிருந்தது. கேபினட் என்பது கடைக்காரர் கடைசியில் கணக்கில் சேர்க்கும் தகரக்கூடு என்றல்லவா எண்ணியிருந்தோம்!

அவர் தந்த பட்டியலில் மூன்றரை அங்குலம், ஐந்தேகால் அங்குலம், பத்தொன்பது அங்குலம் என்று எண்கள் மலிந்திருந்தன. சொல்லைக் கண்டால் வேர் தேடுவது நம் தொழில் வழக்கம். இவ்வளவுகளுக்கும் வேர் இருக்க வேண்டுமே என்று தேடத் தொடங்கினோம்.

முதல் வன்தட்டுக்குத் தனிப் பெட்டி என்று ஒன்று இல்லை, பெட்டியே தட்டு. 1956ஆம் ஆண்டு ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட ரேமாக் கணினியின் 350 என்னும் தட்டகம் ஐந்தடி நீளமும் ஐந்தடி எட்டங்குல உயரமும் கொண்டது. இருபத்துநான்கு அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் அதனுள் சுழன்றன. எடை ஒரு டன்னுக்கும் மேல். கொள்ளளவோ 50 இலட்சம் எழுத்துகள்! 1962இல் வந்த 1311 என்னும் வகையில் பதினான்கு அங்குலத் தட்டுகள் ஆறினை ஓர் அடுக்காகக் கழற்றி எடுக்க முடிந்தது. பேழை வேறு, பேழைக்குள் இருப்பது வேறு என்ற பிரிவு ஏற்பட்டது அப்போதுதான் எனலாம்.

நம் கேபினட்டுகளின் அளவைத் தீர்மானித்தவை இப்பெருந்தட்டுகள் அல்ல. அப்பெருமை ஃப்ளாப்பி என்று நாம் வழங்கிய நெகிழ்தட்டுக்கே உரியது. 1976இல் ஷுகார்ட் அசோசியேட்ஸ் நிறுவனம் ஐந்தேகால் அங்குல நெகிழ்தட்டு இயக்கியை வெளியிட்டது. மதுக்கடையில் கிடந்த கைத்துடைப்புத் தாளைக் காட்டி 'இந்த அளவு' என்று சொன்னதால் அவ்வளவு வந்தது என ஒரு கதை உலவுகிறது. கதையைக் கதையாகவே கொள்க. அந்நிறுவனத்தைத் தொடங்கி, பின் அதைவிட்டு விலகிய ஆலன் ஷுகார்ட், நண்பர்களுடன் சேர்ந்து 1979இல் தொடங்கிய நிறுவனமே சீகேட். அது 1980இல் கொணர்ந்த எஸ்டி-506 என்னும் 5 மெகாபைட் வன்தட்டு, நெகிழ்தட்டு இயக்கியின் புற அளவையே அப்படியே கொண்டிருந்தது. இது தற்செயலன்று. கணினிப் பெட்டிகளில் நெகிழ்தட்டுக்கென வெட்டிய பொந்து ஏற்கெனவே இருந்தது. அதில் நுழையக்கூடிய வன்தட்டுக்குப் புதிய பெட்டி வேண்டியதில்லை. பழைய கோயிலின் கருவறை அளவைப் பார்த்துத் திருமேனி வடித்த கதைதான்.

மூன்றரை அங்குலத்தின் வரலாறும் இவ்வாறே. சோனி நிறுவனம் 1981இல் மூன்றரை அங்குல நெகிழ்தட்டை அளித்தது. ஸ்காட்லாந்தின் ரோடைம் நிறுவனம் 1983இல் அதே வரிசையில் வன்தட்டை அமைத்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இன்றைய மூன்றரை அங்குல வன்தட்டில் மூன்றரை அங்குலமாக எதுவுமே இல்லை! அகலம் நான்கு அங்குலம், அதாவது 101.6 மி.மீ. நீளம் ஏறத்தாழ 147 மி.மீ. பெருங்கொள்ளளவுத் தட்டுகளின் உயரம் 26.1 மி.மீ. நெகிழ்தட்டு மறைந்துவிட்டது, அதன் பெயர் மட்டும் வன்தட்டின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'எண்ணெய்' என்னும் எள்ளின் நெய் தேங்காய்க்கும் வேம்புக்கும் பெயரானதை அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை.

பலகைகளின் வரலாற்றை விரைந்து கடப்போம். 1981இன் ஐபிஎம் பிசியும் 1984இன் ஏடியும் படிக்கப்பட்டபோது திருகுத் துளைகளின் இடங்களும் சேர்ந்தே படிக்கப்பட்டன. 1995இல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்னும் வரையறையைத் தந்தது. 2001இல் வியா நிறுவனம் 170 மி.மீ. சதுரமான மினி ஐடிஎக்ஸ் பலகையை அறிமுகம் செய்தது. அச்சிறு பலகையின் நான்கு துளைகளும் ஏடிஎக்ஸ் துளைகளோடு பொருந்துவன. ஆகவே சிறிய பலகை பெரிய பெட்டியில் அமரும். பெரியது சிறியதில் அமராது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

நம்மை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொரு செய்தி. 1988இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர், விலைமிக்க பெருந்தட்டு ஒன்றுக்கு மாற்றாக மலிவான சிறுதட்டுகள் பலவற்றை அணிவகுக்கலாம் என்று ஒரு கட்டுரை அளித்தனர். ரெய்டு என்று வழங்குவது அதுவே. (நம் நாட்டில் இச்சொல் வருமானவரித் துறையை நினைவூட்டுவதற்கு அவர்கள் பொறுப்பல்லர்!) தட்டு ஒன்று மடிந்தால் மற்றவற்றிலிருந்து அதன் உள்ளடக்கத்தைக் கணக்கிட்டு மீட்கலாம் என்பது அதன் சாரம். இதை யாவரும் அறிவர். அதே குழுவினர் 1989இல் எழுதிய மற்றொரு கட்டுரையை அறிந்தவர் குறைவு. தட்டுகள் தனித்தனியே மடியும் என்று கணக்கிட்டோமே, அவையனைத்தும் ஒரே மின்வழங்கியையும் ஒரே விசிறியையும் ஒரே வடத்தையும் பகிர்ந்துகொண்டால் என்னாகும் என்று அதில் கேட்டனர். விசிறி நின்றால் ஒரு தட்டு அன்று, வரிசையே மடியும். ஆகவே ஒரு குழுவின் தட்டுகளைப் பல துணைக்கருவிகளுக்குப் பகிர்ந்து அமைக்க வேண்டும் என்பது அவர்கள் கண்ட தீர்வு. மேசைக்கடியில் ஒரே தகரக்கூட்டில் மூலத்தையும் படியையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நிம்மதியாய் உறங்கிய நமக்கு, அக்கட்டுரை முப்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுதி அனுப்பிய ஓலையாகத் தோன்றிற்று.

எனினும் பழி முழுவதையும் வெப்பத்தின்மேல் சுமத்துவது நேர்மையாகாது. கூகுள் ஆய்வாளர்கள் 2007இல் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட தட்டுகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை, வெப்பத்திற்கும் பழுதுக்கும் உள்ள தொடர்பு பலரும் கருதிய அளவு வலியதன்று எனக் காட்டியது. மிகுவெப்பத்தின் தீமை தெளிவாகத் தெரிந்தது மூன்று நான்கு ஆண்டு வயதான தட்டுகளில்தான். நம் தட்டு ஒன்பது ஆண்டு முதுமையுடையது. அறைக்குள்ளேயே வெப்பம் 38 பாகையைத் தொடும் ஊரில் வாழ்வது. பெட்டி குற்றவாளியா, முதுமை குற்றவாளியா என்று தீர்ப்புச் சொல்ல நாம் துணியோம்.

வெப்பத்தைப் போலவே அதிர்வும் கருதத்தக்கது. 2008இன் இறுதியில் சன் நிறுவனப் பொறியாளர் பிரெண்டன் கிரெக், இயங்கிக்கொண்டிருந்த தட்டு வரிசையின் முன் நின்று உரத்துக் கத்தினார். தட்டுகளின் மறுமொழி நேரம் உடனே தாவி உயர்ந்ததை அளவிக் காட்டினார். அக்காணொளி கண்டோர் பலர். கத்தலுக்கே கலங்கும் தட்டு, அருகில் சுழலும் அண்டைத் தட்டின் நடுக்கத்திற்குக் கலங்காதா? திருகுகளுக்கு அடியில் இரப்பர் வளையம் இட்ட கேபினட்டுகள் இதனால்தான் விரும்பப்படுகின்றன. 2009இல் பேக்பிளேஸ் நிறுவனம் தன் சேமிப்புப் பெட்டியின் வரைபடத்தையும் செலவுக் கணக்கையும் பொதுவில் வைத்தது. 45 தட்டுகள், 67 டெராபைட், அடக்கவிலை 7,867 டாலர். அதிலும் ஒவ்வொரு தட்டுக்கும் இரப்பர் பட்டை உண்டு.

இங்கே சுவடியை நினையாதிருக்க முடியவில்லை. ஏட்டுச் சுவடிக்கு மேலும் கீழும் மரச்சட்டம், ஒரு துளையில் நாராசம், மறு துளையில் கயிறு, கயிறு நழுவாதிருக்கக் கிளிமூக்கு. சட்டங்களை இறுகக் கட்டினால்தான் ஏடு நெளியாது, பூச்சி எளிதில் நுழையாது. ஓலைக்கு இறுக்கம் காப்பு. தட்டுக்கோ இடைவெளியே காப்பு. நாமோ சுவடி கட்டும் கைப்பழக்கத்தில் தட்டுகளைக் கட்டியிருக்கிறோம்!

சரி, பெட்டிக்கு வருவோம். மாணவர் மூன்று வழிகளைக் காட்டினார். முதலாவது, மினி ஐடிஎக்ஸ் பலகைக்கான சிறுபெட்டி. 2012இல் வந்த ஃப்ராக்டல் டிசைன் நோட் 304 போன்றவை ஆறு தட்டுகளைக் கொள்ளும், மேசைமேல் அழகாக அமரும். ஆனால் ஒரு தட்டை மாற்றப் பெட்டியைத் திறந்து உள்ளிருக்கும் தாங்கியையே கழற்ற வேண்டும். நம் கைக்கு அது ஒவ்வாது. இரண்டாவது, பத்தொன்பது அங்குல அடுக்குக்கான பெட்டி. இவ்வளவு தொலைபேசி நிலையங்களின் கொடை. 1920களிலிருந்து வழங்கி வருவது. இதன் உயர அலகு ஒன்றே முக்கால் அங்குலம். நான்கு அலகு சேர்ந்தால் 177.8 மி.மீ. 147 மி.மீ. நீளமுள்ள தட்டைச் செங்குத்தாக நிறுத்தினாலும் மேலே இடமிருக்கும். பேக்பிளேஸ் 45 தட்டுகளை அடுக்கியது இக்கணக்கில்தான். ஆயின் அதன் விசிறிகளின் இரைச்சலை வீட்டார் பொறுப்பரோ?

மூன்றாவது வழி நம்மைக் கவர்ந்தது. பழைய நெட்டைக் கேபினட்டுகளின் முகப்பில் ஐந்தேகால் அங்குலப் பொந்துகள் வரிசையாக இருக்கும். அடுத்தடுத்த மூன்று பொந்துகளைச் சேர்த்தால் 146 மி.மீ. அகலமும் 124 மி.மீ. உயரமும் உள்ள ஒரு வாய் கிடைக்கிறது. தட்டுகளைப் படுக்க வைத்தால் அதில் நான்குதான் கொள்ளும். பக்கவாட்டில் நிறுத்திவிட்டாலோ, 101.6 மி.மீ. அகலம் உயரத்திற்குள் அடங்க, 26.1 மி.மீ. தடிமனுள்ள ஐந்து தட்டுகள் அருகருகே நின்று, காற்றுக்குச் சிறிது சந்தும் மிஞ்சும். இதற்கென்றே பின்னால் விசிறியும் முன்னால் இழுப்பறைகளும் கொண்ட கூண்டுகள் விற்கின்றன. முன்புறக் கதவைத் திறந்து ஒரு தட்டை மட்டும் உருவி எடுக்கலாம். மறைந்துபோன நெகிழ்தட்டுக்கு வெட்டிய பொந்து இன்று ஐந்து வன்தட்டுகளுக்கு வீடாகிறது. புதிய கேபினட்டுகள் பலவற்றில் இப்பொந்துகள் ஒழிந்துவிட்டன. பழையதைத்தான் தேட வேண்டும்.

சென்னை ரிச்சி தெருவில், மாடிக் கடையொன்றின் மூலையில், ஆறு பொந்துகளோடு கனத்த தகட்டில் செய்த கேபினட் ஒன்று கிடைத்தது. "இது பழசு சார், கண்ணாடி வச்சது காட்டட்டுமா?" என்றார் கடைக்காரர். உள்ளே வண்ண விளக்கு மின்னும் கண்ணாடிப் பெட்டியைப் பெருமையோடு காட்டினார். அதன் முகப்பில் காற்றுப் போக வழியே இல்லை. பழையதையே வாங்கி, அடிப்புற விளிம்பை விரலால் தடவிப் பார்த்தோம். மழுக்கப்பட்டிருந்தது. கூர்விளிம்பில் கையைக் கிழித்துக்கொண்ட அனுபவம் உண்டு.

இப்போது அது கூடத்து அலமாரியின் அருகே, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கிறது. கூண்டில் மூன்று தட்டுகள் இருக்கின்றன. அவற்றின் மற்றொரு படி உடன்பணிபுரியும் நண்பர் இல்லத்தில், வேறு பெட்டியில், வேறு மின்னிணைப்பில் உள்ளது. மாதம் ஒருமுறை முகப்பு வலையைக் கழற்றித் தூசி தட்டுகிறோம். சித்திரை வெயிலில் தட்டுகளின் வெப்பம் 44 பாகை வரை ஏறியது, அதற்குமேல் ஏறவில்லை.

ஆசிரியரின் பதிவுகளில் அந்நண்பர் முன்னொரு நாள் கேட்டு வாங்கிப் படியெடுத்திருந்தவை மட்டும் மீண்டன. புகார்க் காண்டம் முழுதும் இருக்கிறது. மதுரைக் காண்டத்தில் அடைக்கலக் காதையோடு குரல் நின்றுவிடுகிறது. அம்மாலைகளில் உடனிருந்த வேறு மாணவர் இருவர் ஒலிநாடாவில் பதிந்ததாக நினைவு. அவர்களுக்கு எழுதியிருக்கிறோம். கூண்டில் இரண்டு இழுப்பறைகள் காலியாக உள்ளன.