ஹேலோபொஸ்பேற் ஒளிர்பொருள்

பழைய டியூப் பல்பின் கண்ணாடிக்கு உட்புறம் படிந்திருக்கும் வெள்ளைத் தூளே ஹேலோபொஸ்பேற். புளோரினும் குளோரினும் கொண்ட கல்சியம் பொஸ்பேற்றுடன் அந்திமனி, மங்கனீசு ஆகியவற்றைச் சிறிதளவு சேர்த்துச் சூளையில் சுட்டு இதைத் தயாரிப்பர். அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கும் லயங்களுக்கும் பழகிய நீலம் பாய்ந்த வெண்மை இத்தூளினுடையது.

இதன் படிகம் அப்பத்தைற்று வகை. அநுராதபுர மாவட்டத்து எப்பாவலையில் 1971இல் கண்டறியப்பட்ட கனிமப் படிவும் புளோரின், குளோரின் கலந்த அப்பத்தைற்றுதான். மெதுவாகக் கரையும் அந்தப் பாறைத்தூள், அமிலத்தன்மை மிகுந்த தேயிலை மண்ணுக்கு ஏற்ற உரம். ஆக, தேயிலைச் செடிக்குப் போடும் உரமும் தலைக்கு மேல் எரியும் குழலின் பூச்சும் ஒரே குடும்பம். ஆனால் எப்பாவலைத் தூளை அப்படியே பூசினால் வெளிச்சம் வராது. அதிலுள்ள இரும்பு கொஞ்சம் கலந்தாலே ஒளிர்வு கெட்டுவிடும்.

குழலுக்குள் மின்சாரம் பாயும்போது பாதரச ஆவி 254 நனோமீற்றர் அலைநீளத்தில் புறஊதாக் கதிரை வீசுகிறது. அது கண்ணுக்குத் தெரியாது. அந்திமனி அதை உறிஞ்சி ஒரு பங்கை நீலமாக வெளியிடுகிறது, இன்னொரு பங்கை அருகிலுள்ள மங்கனீசுக்குக் கைமாற்றுகிறது. மங்கனீசு செம்மஞ்சளாக ஒளிர்கிறது. இரண்டும் கலந்தால் வெள்ளை. மங்கனீசின் அளவையும் புளோரின், குளோரின் விகிதத்தையும் மாற்றி வெண்மையின் சாயலைக் கூட்டலாம், குறைக்கலாம். 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் பழைய சோக் பூட்டிய குழல் செக்கனுக்கு 100 தடவை மங்குகிறது. ஒவ்வொரு தடவையும் நீலம் உடனே அணைய, செம்மஞ்சள் சற்றுப் பின்தங்கி அணையும்.

1942இல் இங்கிலாந்தின் ஜி.ஈ.சி. நிறுவனத்தில் மக்கீக், ரான்பி என்போர் இதைக் கண்டுபிடித்தனர். அதற்கு முந்திய தூள்களில் இருந்த பெரிலியம் தொழிலாளரின் நுரையீரலைப் பாழாக்கியது. அந்த ஆபத்து இதில் இல்லை.

குறை நிறத்தில்தான். சிவப்பு போதாது, சாயம் இறங்கிய இலையின் செப்பு நிறம் இதன் கீழ் மங்கித் தெரியும். தேயிலையைப் பகல் வெளிச்சத்தில் வைத்துத் தரம் பார்க்கும் வழக்கம் வீணானதல்ல.

1970களில் வந்த அருமண் தூள்களும் பிறகு எல்.ஈ.டி.யும் இதை ஓரங்கட்டின. பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023இல் ஜெனீவாவில் கூடி, நீளக் குழல்களில் இவ்வகையின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2026 முடிவோடு நிறுத்தத் தீர்மானித்தன. நுனி கறுத்த பழைய குழல்கள் இன்னும் லயத்துக் கோடியில் சாய்ந்து கிடக்கின்றன. உடைந்தால் கதவு சன்னலைத் திறந்துவிட்டு, விளக்குமாறு போடாமல், ஈரக் கடதாசியால் தூளை ஒற்றி எடுக்க வேண்டும்.