மாற்றுத் துணி

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

சென்ற ஆவணியில் ஒரு முகூர்த்த நாளன்று வடபழனி முருகன் கோவிலுக்குப் போயிருந்தேன். முகூர்த்த நாளில் அங்கே போனவர்களுக்கு அந்தக் கூட்டம் தெரியும். ஒரு ஜோடிக்குத் தாலி ஏறி முடிவதற்குள் அடுத்த ஜோடி மாலையோடு காத்திருக்கும். மண்டபம் பிடிக்க வசதி இல்லாதவர்கள், இருக்கிற பணத்தை வீணாக்க விரும்பாதவர்கள், வேண்டிக்கொண்டவர்கள் என எல்லோரும் இருப்பார்கள். நான் போனது என் பழைய மாணவன் ஒருவனின் மகள் கல்யாணத்துக்கு.

காத்திருந்த நேரத்தில் எல்லோருடைய உடையையும் பார்த்துக்கொண்டிருந்தேன். கூலி வேலைக்குப் போகிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், வீட்டு வேலை செய்கிறவர்கள்தான் அதிகம். ஆனால் ஒருவர் உடம்பிலும் கசங்கிய துணி இல்லை. கஞ்சி போட்ட வேட்டி, மடிப்புக் கலையாத சேலை, குழந்தைகளுக்குப் பாவாடை சட்டை. குறைந்த காசில் நன்றாக உடுத்துவதை நம் மக்களிடம்தான் கற்க வேண்டும் என்று தோன்றியது.

உடனே இன்னொன்றும் ஞாபகம் வந்தது. இந்த மாணவனைத்தான் நான் ஒரு நாள் வகுப்புக்கு வெளியே நிறுத்தினேன்.

1981, ஐப்பசி மாதம், அடைமழை. திங்கட்கிழமை காலை. அவன் ஏழாம் வகுப்பு. காக்கிக் கால்சட்டை, வெள்ளைச் சட்டைதான் சீருடை. அவன் ஏதோ கட்டம் போட்ட சட்டையில் வந்தான். "யூனிஃபார்ம் எங்கே?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டான், பதில் இல்லை. எனக்கு அப்போது வேலையில் மூன்றாவது வருஷம். கண்டிப்பான டீச்சர் என்று பெயர் எடுக்க வேண்டும் என்ற ஆசை. "வெளியே நில்லு" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் அவன் அம்மா வந்தார். பக்கத்து ஸ்டுடியோக்களில் துணை நடிகையாகப் போய்க்கொண்டிருந்தவர். கோபப்படவே இல்லை. "ஒரே செட்டுதான் டீச்சர். சனிக்கிழம தொவச்சேன், மழைல காயல" என்றார். கொஞ்சம் தயங்கி இன்னொன்றும் சொன்னார். அவரிடம் ஒரு நல்ல பட்டுச்சேலை இருந்ததாம். கல்யாணக் காட்சிக்கு நல்ல சேலை கட்டி வந்தால்தான் கூப்பிடுவார்கள் என்று கடன் வாங்கி வாங்கியது. அதை டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். கேமரா முன்னால் நிற்க அவருக்கு ஒரு சேலை இருந்தது. பையன் வகுப்பில் நிற்க இரண்டாவது சட்டை இல்லை.

நான் வரலாறு நடத்திய ஆசிரியை. அதுவும் காந்தியைப் பற்றி வருஷா வருஷம் நடத்தியவள். எனக்கு அன்றைக்கே உறைத்திருக்க வேண்டிய ஒரு நிகழ்ச்சி அவருடைய சத்திய சோதனையில் உண்டு. 1917இல் சம்பாரணில் காந்தி பணியாற்றியபோது, ஒரு கிராமத்துப் பெண்கள் அழுக்குத் துணியோடு இருப்பதைப் பார்த்து, ஏன் துவைத்துக் கட்டுவதில்லை என்று விசாரிக்கும்படி கஸ்தூர்பாவிடம் சொன்னார். ஒரு பெண் கஸ்தூர்பாவைத் தன் குடிசைக்குள் அழைத்துப்போய்க் காட்டினாள். பெட்டியும் இல்லை, மாற்றுச் சேலையும் இல்லை. உடம்பில் இருப்பதைத் துவைத்தால் எதைக் கட்டுவது? பிறகு 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தி தன் உடையை அரையாடையாகக் குறைத்துக்கொண்டார் என்று பிள்ளைகளுக்குத் தேதியோடு சொல்லிக்கொடுத்தேன். ஆனால் என் வகுப்பிலேயே அந்தக் குடிசை இருந்தது எனக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து நான் உடையின் வரலாற்றை வேறு மாதிரி படிக்க ஆரம்பித்தேன். நன்றாக உடுத்துவது என்பது எத்தனை விலையில் வாங்கினோம் என்பதில் இல்லை. கட்டிக்கொள்ள ஒன்று, துவைத்துக் காயப்போட ஒன்று. அந்த இரண்டாவது துணி இருந்தால்தான் சோப்பு, கஞ்சி, நீலம், இஸ்திரி எல்லாம். அந்த இரண்டாவது துணி ஏழை வீட்டுக்கு எப்படி வந்தது என்பதுதான் நான் சொல்ல வருகிற கதை.

முதலில், உடுத்தவே கூடாது என்று தடுத்த காலம் ஒன்று இருந்தது. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் போராடினார்கள். 1859இல்தான் அரசு அதற்கு இணங்கியது. அதுவும் உயர்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்ற நிபந்தனையோடு. இராமநாதபுரம் வட்டாரத்தில் 1930இல்கூட ஆதிதிராவிட மக்கள் மீது எட்டுத் தடைகளை ஆதிக்கச் சாதியினர் விதித்தார்கள். ஆண்களின் துணி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது, சட்டை, பனியன் போடக் கூடாது, பெண்கள் ரவிக்கை போடக் கூடாது, செருப்பும் குடையும் கூடாது. 'இவர்கள் சுத்தமாக இருப்பதில்லை' என்று முகம் சுளித்தவர்களும் இவர்கள்தான். 1927 டிசம்பரில் மகாட் மாநாட்டுக்கு வந்த பெண்களிடம் அம்பேத்கர், சாதி அடையாளம் தெரியும்படி உடுத்துவதை விடுங்கள், சுத்தமாக உடுத்துங்கள் என்று பேசினார். அவருடைய கோட்டும் சூட்டும் ஆடம்பரமல்ல. அதுவும் ஒரு பதில்தான்.

உரிமை கிடைத்தாலும் துணி கிடைக்க வேண்டுமே! இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் துணிக்குப் பெரும் தட்டுப்பாடு. 1943இல் அரசு துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு ஆணை போட்டது. என் அம்மா அந்தக் காலத்தில் சிறுமி. கூப்பனை எடுத்துக்கொண்டு கடை வாசலில் பாட்டியோடு நின்றதையும், ஒரே துணியில் அக்கா தங்கை எல்லோருக்கும் பாவாடை தைத்ததையும் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரே துணி என்பதால் தெருவில் அவர்களைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்று நினைப்பார்களாம்.

இன்னொரு பக்கம், துணி நெய்கிறவர் வீட்டிலேயே பட்டினி. 1935இல் தொடங்கிய கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தைத்தான் நாம் இன்று கோ-ஆப்டெக்ஸ் என்கிறோம். 1952இல் முதலமைச்சரான ராஜாஜி, வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே ஒதுக்கப்பட வேண்டும் என்று மத்திய அரசிடம் வாதாடினார். 1953இல் அண்ணாவும் அவர் கட்சியினரும் கைத்தறித் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக விற்றார்கள். எதிரெதிர்க் கட்சிகள், ஆனால் கவலை ஒன்றுதான். அதே ஆண்டு ஆலைத் துணி மீது தீர்வை விதிக்கும் சட்டம் வந்தது. அந்தப் பணம் கைத்தறிக்கு உதவியது. தள்ளுபடி விலையில் கைத்தறி விற்கும் வழக்கம் வேர் பிடித்தது அந்தக் காலத்தில்தான்.

எங்களைப் போன்ற ஆசிரியைகளின் அலமாரியை நிரப்பியது அந்தத் தள்ளுபடிதான். கோ-ஆப்டெக்ஸில் அரசு ஊழியர், ஆசிரியர்களுக்குக் கடன் விற்பனை உண்டு. தீபாவளிக்கு எடுத்த சேலைக்குச் சம்பளத்தில் மாதாமாதம் பிடிப்பார்கள். என்னிடம் ஆறு சேலைகள், வாரத்துக்கு ஆறு நாள். "இன்னிக்கு செவ்வாக்கிழமையா டீச்சர், பச்ச சேலை கட்டியிருக்கீங்க" என்று ஒரு குறும்புக்காரி கேட்டிருக்கிறாள்.

கடன் விற்பனை இல்லாதவர்களுக்கு வேறு வழிகள் வந்தன. 1964இல் கட்டுப்பாட்டு விலைத் துணித் திட்டம் வந்தது. குறிப்பிட்ட அளவு மலிவுத் துணியை ஆலைகள் நெய்தே ஆக வேண்டும். 1976இல் கைத்தறியில் ஜனதா துணித் திட்டம். ஜனதா சேலை என்றால் இன்றைக்கும் வயதான அம்மாக்களுக்குத் தெரியும். முரட்டு நூல், சாயம் போகும், ஆனால் இரண்டாவது சேலை அது. அதை நெய்தவருக்கு வேலை நிச்சயம், கூலி குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். மலிவான துணிக்கு யாரோ ஒருவர் மீதி விலையைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அப்புறம் டெரிலின். 1941இல் இங்கிலாந்தில் இரண்டு வேதியியலாளர்கள் கண்டுபிடித்த பாலியெஸ்டர் இழை. நம் ஊரில் முதலில் அது பணக்காரத் துணி, வரி அதிகம். வெளிநாட்டிலிருந்து வருகிறவரிடம் கெஞ்சி வாங்குவார்கள். 1985 ஜவுளிக் கொள்கைக்குப் பிறகு அது மெல்ல மெல்ல ஏழைத் துணியானது. 'வேர்க்கும், உடம்புக்கு ஆகாது' என்று நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒரே சட்டை வைத்திருப்பவனின் கண்ணால் பாருங்கள். ராத்திரி துவைத்தால் காலையில் காய்ந்துவிடும். இஸ்திரி வேண்டாம். வருஷக்கணக்கில் கிழியாது. ஒரு சட்டை இரண்டு சட்டையின் வேலையைச் செய்தது. அதற்கு முன்பு, சொம்பில் கனல் போட்டுத் தேய்த்தவர்களும், மடித்துப் பாய்க்கு அடியில் வைத்துப் படுத்தவர்களும் நம் வீட்டு ஆட்கள்தானே!

இனி பள்ளிக்கு வருகிறேன். காமராசர் ஆட்சியில், நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது, 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊர் மக்களே பெஞ்சு, கரும்பலகை, சீருடை என்று அள்ளிக் கொடுத்தார்கள். சாதியும் பணமும் சட்டையில் தெரியக் கூடாது என்பதுதான் சீருடையின் நோக்கம். 1983இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் ஏழைகளுக்குப் பொங்கல் வேட்டி சேலைத் திட்டம். வாங்குகிறவருக்கு ஒரு மாற்றுத் துணி, நெய்கிறவருக்கு வேலை. 1985இல் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடை. நான் ஓய்வு பெற்ற சமயத்தில், 2012-13 கல்வியாண்டில், அது வருஷத்துக்கு நான்கு செட் ஆனது. மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கப் பெண்கள் தைத்துக் கொடுக்கிறார்கள்.

நான்கு செட் என்று செய்தித்தாளில் படித்தபோது, 'எதற்கு இத்தனை இலவசம்?' என்று பக்கத்து வீட்டில் சலித்துக்கொண்டார்கள். நான் அந்த ஐப்பசித் திங்கட்கிழமையை நினைத்துக்கொண்டேன். சீருடை கட்டாயம் என்று சொல்ல ஒரு பள்ளிக்கு உரிமை வருவது, பிள்ளையிடம் இரண்டாவது செட் இருக்கும்போதுதான். ஒரே செட்டைக் கொடுத்துவிட்டுத் தினமும் சுத்தமாக வா என்பது அந்தப் பிள்ளைக்குத் தண்டனை.

கல்யாணம் முடிந்தது. பெண் கட்டியிருந்தது கோ-ஆப்டெக்ஸ் பட்டு. மாதச் சேமிப்பில் சேர்ந்து எடுத்தார்களாம். மாணவன் வெள்ளை வேட்டி சட்டையில் வந்து நின்றான். தலை நரைத்துவிட்டது. இப்போது சினிமாவில் லைட்மேன். நான் அன்றைய விஷயத்தை எடுத்தேன். நாற்பது வருஷத்துக்கு மேல் சொல்லாமல் வைத்திருந்த மன்னிப்பு. அவன் சிரித்தான். "அத விடுங்க டீச்சர். அடுத்த வாரமே நீங்க ஒரு செட்டு எடுத்துக் குடுத்தீங்களே, அத மறந்துட்டீங்களா? அம்மா அத வாங்க மாட்டேன்னு சொன்னாங்க. நாந்தான் அழுது வாங்கிக்கிட்டேன்" என்றான்.

எனக்குச் சத்தியமாக அது ஞாபகம் இல்லை. வெளியே நிறுத்தியதுதான் ஞாபகம் இருந்தது.

இதைப் படிக்கிற ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிறந்தநாளுக்குக் கலர் டிரஸ் போட்டு வரச் சொல்கிறோம். அன்றைக்கு லீவு போடுகிற பிள்ளை யார் என்று ஒரு தடவை வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். மற்றவர்களுக்கு: பண்டிகைக்குத் துணி எடுக்கும்போது தெரிந்த ஒரு பிள்ளைக்கு இரண்டு செட் எடுத்துக் கொடுங்கள். ஒன்று போதாது.

உங்கள் வீட்டில் மாற்றுத் துணி வந்த கதை இருந்தால் கீழே எழுதுங்கள். ஒன்று விடாமல் படிப்பேன்.