பல்லுக்கு கிளிப் போட்ட கதை

தேனி மாவட்டம் உத்தமபாளையம் பக்கம் இருக்கிறது கோம்பை. ஊரை விட ஊரின் பெயர் கொண்ட நாய்தான் பிரபலம்! செம்பழுப்பு உடம்பு, கறுத்த முகம், காவலுக்கும் பன்றி வேட்டைக்கும் பேர் போனது. பல் மருத்துவ வரலாற்றிலும் ஒரு நாய்க்கு முக்கியமான இடம் உண்டு. அது கோம்பை நாய் அல்ல, ஸ்வீடன் நாட்டு நாய். அதன் கதைக்கு முன் கொஞ்சம் பின்னோக்கிப் போவோம்.

தெத்துப்பல்லையும் பல் சந்தையும் சரிசெய்யும் ஆசை மிகப் பழையது. பால் பல் விழாமல் புதுப்பல் முளைத்தால், பால் பல்லைப் பிடுங்கிவிட்டு, புதுப்பல்லைத் தினமும் விரலால் தள்ளிவிடச் சொன்னார் செல்சஸ். இவர் முதல் நூற்றாண்டு ரோமானியர். 1728-ல் பிரான்சின் பியர் ஃபோஷார், லாட வடிவ உலோகப் பட்டையைப் பற்களோடு நூலால் கட்டி இழுத்தார். அவசரமென்றால் குறடால் பிடித்து ஒரே அடியாகத் திருப்பியும் வைத்தார். நினைத்தாலே வலிக்கிறது!

பல் நகர்கிறது, சரி. ஆனால் கல் போன்ற எலும்புக்குள் எப்படி நகர்கிறது? எலும்பு வளைந்து கொடுக்கிறது என்று ஒரு கூட்டம் நம்பியது. அதற்கு விடை தேடியவர்தான் ஸ்வீடனின் கார்ல் சாண்ட்ஸ்டெட். ஒரு நாயின் முன்பற்களைக் கம்பி போட்டு மூன்று வாரம் நகர்த்தினார். பிறகு அந்த எலும்பை மெல்லிய சீவல்களாக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தார். 1904, 1905-ல் முடிவுகள் வெளிவந்தன.

பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் சுமார் கால் மில்லிமீட்டர் தடிமனில் ஒரு நார்ப்படலம் இருக்கிறது. பல்லைத் தள்ளினால் அந்தப் படலம் ஒரு பக்கம் நசுங்கும், மறுபக்கம் இழுபடும். நசுங்கும் பக்கம் எலும்பு கரையும். இழுபடும் பக்கம் புது எலும்பு வளரும். காமர்ஸ் மாணவர்களுக்குச் சொல்வதென்றால் ஒரு பக்கம் பற்று, மறுபக்கம் வரவு. கணக்கு நேராக வேண்டும், இல்லையென்றால் பல் ஆடிவிடும்!

இன்னொன்றும் தெரிந்தது. அதிகமாக அழுத்தினால் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் நின்று திசு செத்துப்போகிறது. பல் வேகமாகப் போவதற்குப் பதில் அங்கேயே நின்றுவிடுகிறது. 1932-ல் ஷ்வார்ஸ் இதற்கு ஒரு எல்லை சொன்னார்: நுண் ரத்தக்குழாய்களின் அழுத்தத்தை மீறக்கூடாது, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 26 கிராம் வரைதான். மருத்துவர்கள் மாதம் சுமார் 1 மில்லிமீட்டர் என்று நகர்த்துவது இதனால்தான். அது சோம்பேறித்தனம் அல்ல, எலும்பின் வேகமே அவ்வளவுதான்.

இதற்கிடையே அமெரிக்காவில் எட்வர்ட் ஆங்கிள் 1899-ல் பல் வரிசைக் கோளாறுகளை மூன்று வகையாகப் பிரித்தார். எந்தப் பல்லையும் பிடுங்கக் கூடாது என்பது அவர் கொள்கை. அவருடைய சீடர் சார்லஸ் ட்வீட் முதலில் அதையே பின்பற்றினார். ஆனால் சிகிச்சை முடிந்த பலருக்குப் பற்கள் பழைய இடத்துக்கே திரும்பின. பிறகு, தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் பல்லை எடுத்து அந்த இடைவெளியைக் கம்பியால் மூடும் முறைக்கு மாறினார். குருவுக்கு எதிராகச் சீடர் போனது அன்று பெரிய சர்ச்சை.

இந்தியாவில் 1920-ல் கல்கத்தாவில் டாக்டர் ரஃபியுதீன் அகமது முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். 1953-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு வந்தது. 1970களில் வளைத்தாலும் பழைய வடிவத்துக்கே திரும்பும் நிக்கல்-டைட்டானியம் கம்பி இத்துறைக்குள் நுழைந்தது. லேசான விசை, நீண்ட நாள் என்ற பாடத்துக்கு ஏற்ற கம்பி.

இவ்வளவு கதைக்குப் பிறகும் இணையத்தைப் பார்த்து, முன்பல் சந்தை மூட வெறும் ரப்பர் பேண்டை மாட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். பல் வேரை நோக்கிக் குறுகும் வடிவம் கொண்டது. ரப்பர் மெல்ல ஈறுக்குள் வழுக்கி, வேர் வரை ஏறி, அந்த நார்ப்படலத்தையே அறுத்துவிடும். சந்து மூடும், கூடவே பல்லும் போய்விடும்! 2 ரூபாய் ரப்பர் பேண்டுக்குக் கொடுக்கும் விலை 2 முன்பற்கள்.

கிளிப் கழற்றிய பிறகும் மருத்துவர் தரும் தக்கவைப்புக் கருவியைச் சொன்ன காலம் வரை போட வேண்டும். பல் நகர்ந்துவிட்டாலும், எலும்பும் நாரும் புது இடத்துக்குப் பழகிக்கொள்ள நாள் பிடிக்கும்.