பதிவேடும் பாதுகாப்பும்: நெதர்லாந்து தரும் பாடம்

மக்களைப் பற்றிய விவரங்களைக் காப்பது பொறியியலாளரின் பணி என்ற எண்ணம் இக் கணினி யுகத்திற் பரவலாகக் காணப்படுகின்றது. பூட்டு உறுதியாயின் உள்ளிருக்கும் பொருளுக்கு இடரில்லை என்பதே இதன் அடிப்படை. ஆயின், திறவுகோல் நாளை எவர் கைக்குச் செல்லும் என்ற வினாவுக்குப் பொறியியல் மட்டும் விடை தரமாட்டாது. அவ்விடையை வரலாற்றிலேயே தேடவேண்டும்.

இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் நெதர்லாந்தின் குடிசனப் பதிவுமுறை மிகச் செம்மையாக அமைந்திருந்தது. ஒவ்வொருவருக்கும் தனி அட்டை. பெயர், பிறப்பு, முகவரி என்பவற்றுடன் சமயமும் அதிற் குறிக்கப்பட்டது. நல்ல நிருவாகமே இதன் நோக்கம். பதிவு அதிகாரியான யாகோபுஸ் லென்ட்ஸ் யாவருக்கும் அடையாள அட்டை வழங்கும் திட்டமொன்றை முன்வைத்தபோது, நாட்டின் சனநாயக மரபுக்கு அது ஒவ்வாதெனக் கூறி 1940 மார்ச்சில் அரசு மறுத்துவிட்டது. மே மாதத்தில் ஜேர்மனியப் படைகள் நாட்டைக் கைப்பற்றின. மறுக்கப்பட்ட அட்டை 1941இல் நடைமுறைக்கு வந்தது.

தொழினுட்ப நோக்கில் அவ்வட்டையிற் குறைகாண்பது அரிது. நீர்க்குறி பதித்த தாள், நிழற்படம், விரலடையாளம் ஆகிய யாவும் அதில் இருந்தன. போலி அட்டை செய்யினும், பதிவேட்டுடன் ஒப்பிட்டு அதனைக் கண்டறிய முடிந்தது. யூதரின் அட்டையில் 'ஜே' என்ற எழுத்துப் பொறிக்கப்பட்டது. அங்கு வாழ்ந்த ஏறத்தாழ 140,000 யூதருள் 100,000 பேருக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். இவ்வழிவுக்குக் காரணங்கள் பல. செம்மையான பதிவேடு அவற்றுள் ஒன்று என்பதை மறுத்தற்கில்லை.

இதனை உணர்ந்தோருள் கலைஞரும் இருந்தனர். 1943 மார்ச் 27ஆம் நாள், ஓவியர் வில்லெம் அரொண்டேயுஸ், சிற்பி கெரிற் வான் டெர் வேன் ஆகியோர் தலைமையிலான குழுவினர் பொலிசார் வேடத்தில் ஆம்ஸ்ரர்டாம் பதிவகத்துட் புகுந்து தீ வைத்தனர். பதிவேட்டின் ஒரு பகுதியே அழிந்தது. அரொண்டேயுஸ் உட்படப் பன்னிருவர் அவ்வாண்டு யூலையிற் சுட்டுக்கொல்லப்பட்டனர்.

பின்னாளில் ஐரோப்பா இப்பாடத்தைச் சட்டமாக்க முனைந்தது. தன்னைப் பற்றிய தகவலின் பயன்பாட்டைத் தீர்மானிக்கும் உரிமை தனிமனிதனுக்கு உண்டென மேற்கு ஜேர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 1983இல் தீர்ப்பளித்தது. இலங்கையிலும் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் நிறைவேறியது.

எனவே, 'எவ்வாறு காப்பது?' என்று பொறியியலாளர் வினவுமுன், 'இதனைச் சேகரிக்கத்தான் வேண்டுமா?' என்று சமூகம் வினவுதல் வேண்டும். இவ்விரு வினாக்களும் ஒருங்கே எழுமிடத்தன்றிப் பாதுகாப்பு என்பது வெறுஞ் சொல்லேயாகும்.