மறைக்கும் சொல், மினுக்கும் சொல்

பணத்தையும் பணக்காரரையும் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் கொச்சைச் சொற்களை ஒரே குவியலாகப் பார்ப்பதே வழக்கம். அவற்றுள் கிழக்கு லண்டன் சந்தைகளில் புழங்கியவற்றை ஒரு பக்கமும், அமெரிக்க நகரங்களில், குறிப்பாகக் கறுப்பின மக்களின் இசையில் வளர்ந்தவற்றை மறுபக்கமும் வைத்துப் பார்க்கலாம். முதல் பார்வையில் இரண்டும் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன. லண்டன் சொல் தொகையை ஒளிக்கிறது. அமெரிக்கச் சொல் செல்வத்தை ஊரறியக் காட்டுகிறது.

ஒளிப்பதில் லண்டன் சந்தைக்காரர்கள் காட்டிய திறமை வியக்க வைக்கும். 19ஆம் நூற்றாண்டின் தள்ளுவண்டி வியாபாரிகள் சொற்களைத் தலைகீழாகத் திருப்பிப் பேசினார்கள். 'பென்னி' அவர்கள் வாயில் 'யெனெப்' ஆனது. வாங்க வந்தவர் எதிரிலேயே நின்றிருக்க, பக்கத்து வண்டிக்காரரிடம் விலையைச் சொல்லிவிட முடிந்தது. எதுகைக் கொச்சை இதைவிடவும் நுட்பமானது. ஆயிரம் பவுண்டுக்குக் 'கிராண்ட்' என்று பெயர்; அதற்கு எதுகையாக 'பேக் ஆஃப் சாண்ட்', அதாவது மணல் மூட்டை. ஐந்து பவுண்டுத் தாளான 'ஃபைவர்' எதுகையால் 'லேடி கொடைவா' ஆனது. பத்து பவுண்டுத் 'டென்னர்', கார்ப் பந்தய வீரர் 'அயர்டன் சென்னா' ஆனது. எதுகை பிடிபடாதவருக்குத் தொகையும் பிடிபடாது.

அமெரிக்கச் சொல்லுக்கு இப்படித் திரை எதுவும் இல்லை. தாளைக் கையில் எடுத்தாலே பெயர் கிடைத்துவிடுகிறது. 1914 முதல் நூறு டாலர் ஃபெடரல் ரிசர்வ் தாளில் பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் முகம் இருக்கிறது; ஆகவே நூறு டாலர் 'பெஞ்சமின்' ஆனது. 1997இல் பஃப் டாடியின் ராப் பாடலொன்று தன் தலைப்பிலேயே இந்தப் பெயரை உலகெங்கும் கொண்டு சென்றது. நூறுக்கான ரோமன் எழுத்து 'சி' என்பதால் அதே தாளுக்குச் 'சி-நோட்' என்ற பெயரும் உண்டு. பத்து டாலர் 'சாபக்' ஆனதும் கண்ணால் கண்டதை வைத்துத்தான்: மரம் அறுக்கும் தாங்கியின் குறுக்குக் கால்கள் ரோமன் பத்தைப் போலத் தெரியும். டாலர் தாள்களை மொத்தமாக 'இறந்த ஜனாதிபதிகள்' என்பதும் உண்டு. ஃபிராங்க்ளினோ பத்து டாலர் தாளில் இருக்கும் ஹாமில்டனோ ஜனாதிபதியாக இருந்ததே இல்லை. பதவியை யாரும் சரிபார்க்கவில்லை, முகம் தெரிந்தால் போதும்.

பிரிட்டனின் தாளிலும் முகம் இருக்கிறது. 1960 முதல் இங்கிலாந்து வங்கித் தாள்களில் ராணி எலிசபெத்தின் படம் அச்சாகி வந்தது. ஆனாலும் லண்டன்காரர்கள் அந்த முகத்தைத் தாண்டிப்போய், எந்தத் தாளிலும் இடம்பெறாத பிரேசில்காரர் ஒருவரின் பெயரைப் பத்து பவுண்டுக்குச் சூட்டினார்கள். இரு மரபுகளின் குணத்தையும் இந்த ஓரிடமே தெளிவாகக் காட்டிவிடுகிறது என்பேன்.

செல்வரைப் பற்றிப் பேசும்போதும் இதே வேறுபாடு தொடர்கிறது. பெரும் பணக்காரரைப் பற்றி, 'ஒன்றிரண்டு பாபுக்குக் குறைவில்லாதவர்' என்று அடக்கமாகச் சொல்வது பிரிட்டனின் வழக்கம். 'பாப்' என்பது ஷில்லிங். அமெரிக்காவிலோ வைரத்தில் ஒளி பட்டுத் தெறிப்பதே ஒரு சொல்லாகிவிட்டது. நியூ ஆர்லியன்ஸ் ராப் பாடகர் பி.ஜி. 1999இல் 'பிளிங் பிளிங்' என்ற பாடலை வெளியிட்டார். சில ஆண்டுகளிலேயே அந்தச் சொல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்குள் நுழைந்தது. ஒன்று குரலைத் தாழ்த்துகிறது, மற்றது விளக்கைப் போடுகிறது. நெடுங்காலம் சொத்துச் சேர்க்க விடாமல் தடுக்கப்பட்ட ஒரு சமூகம் கிடைத்ததைக் கழுத்தில் அணிந்து காட்டுவதை வெறும் பகட்டென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

எதிரெதிர் என்று முடிவுகட்டும் நேரத்தில்தான் உறவுகள் தலைகாட்டுகின்றன. ஷில்லிங்கின் காலம் 1971இல் தசமப் பண முறையோடு முடிந்தது. பாப் இன்னும் பேச்சில் இருக்கிறது. டாலரைக் குறிக்கும் 'பக்', 18ஆம் நூற்றாண்டில் மான் தோலைக் கொடுத்துப் பண்டம் வாங்கிய காலத்தின் எச்சம். கொடுக்கல் வாங்கலிலிருந்து மறைந்துபோனவற்றை இரண்டு ஊர்களும் நாவில் வைத்திருக்கின்றன. ஐந்து டாலருக்கு அமெரிக்காவில் 'ஃபின்' என்ற பெயர் உண்டு. 19ஆம் நூற்றாண்டு லண்டனில் ஐந்து பவுண்டுத் தாளுக்கு 'ஃபின்னஃப்'. இரண்டும் ஐந்தைக் குறிக்கும் ஜெர்மன், யித்திஷ் சொல்லின் வழி வந்தவை.

சூதாட்டமும் இருவருக்கும் பொது. இருபத்தைந்து பவுண்டுக்குப் 'போனி', ஐந்நூறுக்கு 'மங்கி' என்பவை பந்தயம் கட்டுவோர் பேச்சில் ஊறியவை. குரங்குப் படம் போட்ட ஐந்நூறு ரூபாய்த் தாளை இந்தியாவில் கண்ட சிப்பாய்கள் மங்கியைக் கொண்டுவந்தார்கள் என்றொரு கதை உண்டு. சுவையான கதை, நம்பத்தக்கதல்ல. அப்படியொரு தாள் கண்டெடுக்கப்படவில்லை. இந்திய அரசு தன் பெயரில் நோட்டு வெளியிட வழிசெய்த சட்டமே 1861இல்தான் வந்தது. மங்கி அதற்குப் பல ஆண்டுகள் முன்பே லண்டனில் புழங்கியது. அமெரிக்கப் பக்கத்தில் போக்கர் மேசை இருக்கிறது. 'ஜாக்பாட்' அங்கிருந்து வந்தது. நம் நாளிதழ்களின் வணிகப் பக்கங்களில் நாள்தோறும் காணும் 'புளூ சிப்' பங்குகளும், அதிக மதிப்புள்ள நீல வில்லைகளாக அங்கே இருந்தவைதாம். செல்வத்தைப் பற்றிய சொற்களை உழைப்பைவிட அதிர்ஷ்டம் தாராளமாகத் தந்திருப்பது இரு கரைகளிலும் ஒன்றே.

எனக்கு மிகவும் பிடித்தவை, வெவ்வேறு வழியில் வந்து ஒரே இடத்தில் சந்திக்கும் சொற்கள். 'மனி'க்கு எதுகை தேடிய லண்டன்காரர் 'பிரெட் அண்ட் ஹனி' என்றார். பின்பகுதி உதிர்ந்து ரொட்டி மிஞ்சியது. அமெரிக்காவில் பணம் முதலில் 'டோ', பிசைந்த மாவு. பிறகு ஜாஸ் இசைஞர்களின் பேச்சில் அது ரொட்டியாயிற்று. அங்கே எதுகை, இங்கே பசி. அதே சந்திப்பு இப்போது 'பேக்' என்ற சொல்லில் நடக்கிறது. அமெரிக்க ராப்பில் அது பெருவருமானம், கைப்பற்ற வேண்டிய பண மூட்டை. லண்டன் ராப்பில் அது கணக்காக ஆயிரம் பவுண்டு; பழைய மணல் மூட்டையின் மிச்சம். அமெரிக்கப் பாடல்களைக் கேட்டு வளர்ந்த கிழக்கு லண்டன் இளைஞர் ஒருவர் இந்தச் சொல்லைப் பாடும்போது தாத்தாவின் சந்தைச் சொல்லும் அட்லாண்டாவின் ராப் சொல்லும் ஒரே ஒலியில் வெளிவருகின்றன. எது எங்கே முடிகிறது என்று அவரே பிரித்துச் சொல்வது கடினம்.