ஒரு குடும்பத்துக்காகக் கட்டிய வீடு

1714 முதல் 1830 வரை பிரித்தானியாவை அடுத்தடுத்து ஆண்ட நான்கு மன்னர்களும் ஜோர்ஜ் என்ற பெயரையே தாங்கியவர்கள். அக்காலக் கட்டடக்கலைக்கு ஜோர்ஜியப் பாணி என்ற பெயர் வந்தது அதனாலேதான். அப்பாணியில் அமைந்த செங்கல் வீடுகளுக்குப் பேர்போன நகரம் அயர்லாந்தின் தலைநகரான டப்ளின். அங்கு ஹென்றியெட்டா வீதியில் உள்ள 14ஆம் இலக்க வீட்டின் வரலாறு, கட்டடங்களின் தலைவிதியை அரசியல் எவ்வாறு எழுதுகிறது என்பதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த சான்று.

1740களின் இறுதியில் லூக் கார்டினர் என்பவர் இதனைக் கட்டினார். முதலில் குடியேறியவர் மோல்ஸ்வேர்த் பிரபு. இத்தகைய வீடுகளின் வெளிமுகத்தில் ஆடம்பரம் இராது. வெறும் செங்கற் சுவர்; அதில் ஒழுங்காக அணிவகுத்த யன்னல்கள். விருந்தினரை வரவேற்கும் தளத்தில் உயர்ந்து நிற்கும் யன்னல்கள் மேலே செல்லச் செல்லச் சிறுக்கும். செல்வச் செழிப்பெல்லாம் உள்ளே, அகன்ற மாடிப்படியிலும் சுதை வேலைப்பாடுகளிலுமே காட்டப்பட்டது. ஒரு குடும்பமும் அதன் ஏவலாளரும் வாழ்வதற்கென எழுந்த மாளிகை அது.

1801இல் ஒன்றிணைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. டப்ளின் தன் நாடாளுமன்றத்தை இழந்தது. அதிகாரம் லண்டனுக்குப் போயிற்று. பிரபுக்களும் அதன் பின்னே போயினர். மாளிகைக்குள் வழக்கறிஞர்கள் வந்தனர், நீதிமன்றம் வந்தது, பின்னர் படையினரும் வந்தனர். 1877 அளவில் தோமஸ் வான்ஸ் என்ற உரிமையாளர் அதனை 19 குடியிருப்புகளாகப் பிரித்தார். அந்த அகன்ற மாடிப்படி அகற்றப்பட்டது. ஏறி இறங்கும் அழகுக்கென விடப்பட்ட வெளி வாடகை தரும் அறைகளாயிற்று.

1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது அந்த ஒரே வீட்டில் வாழ்ந்தோர் 100 பேர். வீதி முழுவதிலும் 850 பேருக்கு மேல். வெளியிலிருந்து பார்ப்பவருக்கோ அதே செங்கற் சுவர், அதே யன்னல் வரிசை!

இந்நெருக்கடி உயிர்களையும் பலிகொண்டது. 1913 செப்டெம்பர் 2ஆம் திகதி, அதே நகரின் சேர்ச் வீதியில் இவ்வாறு பலர் குடியிருந்த இரண்டு வீடுகள் இடிந்து வீழ்ந்தன. எழுவர் மாண்டனர். ஏழைகளின் குடியிருப்பு நிலை பற்றி அரசு விசாரணை நடத்தியது அதன் பின்னரே.

14ஆம் இலக்க வீட்டின் கடைசிக் குடியிருப்பாளர்கள் 1970களின் இறுதியில் வெளியேறினர். டப்ளின் மாநகர சபை நெடுங்காலம் உழைத்து அதனைப் புதுப்பித்து, 2018இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. பிரபுவின் காலத்தை மட்டும் மீட்டெடுத்து, ஏழைகளின் சுவடுகளைத் துடைத்துவிடுவது எளிதாக இருந்திருக்கும். அவ்வாறு செய்யாமல், வாடகைக் குடியிருப்பாளர் காலத்துச் சிவப்பு, நீல வர்ணச் சுவர்களையும் அங்கு பேணியுள்ளனர்.

மாளிகையை எழுப்பியவனின் பெயர் ஏட்டில் நிலைத்துவிடும். அதனுள் நூறு பேராய் நெருங்கி வாழ்ந்தோரின் பெயர்களைச் சுமக்கச் சுவர்களை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?